மூன்று நிஜாம்கள்

ஓதும் பலகை – 17

ஐதராபாத்தின் உப்பலில் நான் குடியிருக்கும் தெருமுனையில் ஒரு சின்னப் பள்ளிவாசல். அஸர் தொழுகை முடிந்து ஐந்தரை மணி வாக்கில் அதன் பக்கத்து அறைக்குப் பிள்ளைகள் ஓதப் போவார்கள். பள்ளிக்கூடச் சீருடையைக்கூட மாற்றியிருக்க மாட்டார்கள். கால்சட்டைப் பையிலிருந்து தொப்பியை எடுத்து உதறி மாட்டிக்கொண்டு, செருப்பை ஒன்றின்மேல் ஒன்றாக உதறிவிட்டு உள்ளே ஓடுவார்கள். அப்புறம் ஒரு மணி நேரத்துக்கு அந்த அறை தேனடைதான். முப்பது பிள்ளைகளும் ஆளுக்கொரு பாடத்தைச் சத்தம் போட்டு ஓதிக்கொண்டிருக்க, நடுவில் உட்கார்ந்திருக்கும் ஹஜ்ரத்துக்கு மட்டும் எவன் எந்த எழுத்தில் சறுக்கினான் என்று எப்படியோ கேட்டுவிடும்.

எங்கள் மேல்வீட்டுப் பையன் அந்த முப்பதில் ஒருவன். ஒன்பது வயது. ஆம்பூர்க் குடும்பம், வீட்டில் உருதும் தமிழும், தெருவில் தக்கனியும் தெலுங்குமாக வளர்கிறான். ஒருநாள் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தவனிடம் அவனுடைய காயிதாவை வாங்கிப் பார்த்தேன். எழுத்து கற்பிக்கிற முதல் புத்தகம். ஓரமெல்லாம் நைந்து, மேலே பிளாஸ்டிக் உறை போட்டிருந்தது. பக்கத்துக்கு ஒன்றிரண்டு இடத்தில், வரியின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடும் தேதியும்.

"இது என்னடா?"

"சபக் அங்கிள். அது வரைக்கும் நான் ஓதிக் காமிச்சிட்டேன். ஹஜ்ரத் தேதி போட்டாத்தான் அடுத்த சபக்."

அந்தப் பென்சில் கோட்டை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஏனென்றால் இந்த அத்தியாயத்தில் கொஞ்சம் தூரம் போகப்போகிறோம்.

சென்ற இதழில் பீதரில் நிறுத்தினோம். பாரசீகத்துக் கீலானிலிருந்து வந்து பாமினி அரசுக்கு அமைச்சரான மஹ்மூத் காவான் 1472-இல் கட்டி முடித்த மூன்றடுக்கு மதரஸா. அதில் இருந்த மூவாயிரம் சுவடிகள். 1481-இல் அவருக்கு நேர்ந்த கொலைத் தண்டனை. அவுரங்கசீப் காலத்தில், 1696-இல், அதே கட்டடத்தில் வெடிமருந்து வெடித்து முன்பக்கம் பாதி சரிந்தது. அதைப் படித்துவிட்டு வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "தர்ஸே நிஜாமி என்று ஒரு பாடத்திட்டம் சொல்கிறீர்கள், ஜாமியா நிஜாமியா என்று ஒரு மதரஸா சொல்கிறீர்கள், பாக்தாத் நிஜாமிய்யா என்றும் எழுதுகிறீர்கள். எல்லாம் ஐதராபாத் நிஜாம் செய்ததா?"

நல்ல கேள்வி. பெயர்க் குழப்பத்தில் பெரிய புத்தகங்களே வழுக்கியிருக்கின்றன. நிஜாம் ஒருவரல்ல, மூவர். ஒருவர் பாக்தாதில் கட்டடம் கட்டினார். ஒருவர் லக்னோவில் பாடத்திட்டம் வகுத்தார். மூன்றாமவர்தான் நம் ஊர்க்காரர்.

முதல் நிஜாம், ஸல்ஜூக் சுல்தான்களின் அமைச்சர் நிஜாமுல் முல்க். துருக்கியர் வாளால் பிடித்த நாட்டைப் பேனாவால் ஆளத் தெரிந்த பாரசீகர். பாக்தாதில் அவர் கட்டிய நிஜாமிய்யா 1067-இல் திறந்தது. ஓதிக்கொடுப்பது அதற்கு முன்பும் இருந்ததுதான். பள்ளிவாசல் தூணில் சாய்ந்து ஆசிரியர் உட்காருவார், சுற்றிலும் வட்டமாக மாணவர் உட்காருவார்கள். சம்பளம், தங்க அறை, சாப்பாடு, இவற்றையெல்லாம் தாங்க வக்பு நிலம் என்று முறைப்படுத்தி அதை அரசின் ஏற்பாடாக்கியது இவர் கைவேலை. அரசுக்கு எழுதப் படிக்கத் தெரிந்த, சட்டம் தெரிந்த, தன் பக்கம் நிற்கிற ஆட்கள் வேண்டியிருந்தார்கள். கல்விச் சேவை என்று மட்டும் சொன்னால் பாதி உண்மைதான்.

1091-இல் அங்கே ஆசிரியராக வந்தவர் இமாம் கஸ்ஸாலி. நான்கே வருடத்தில் புகழின் உச்சியில் வேலையை விட்டுவிட்டுக் கிளம்பிப் போனார். அதற்குப் பிறகு எழுதிய பெருநூலில் கல்வியை இரண்டாகப் பிரிக்கிறார். ஒவ்வொருவருக்கும் கடமையானது ஒன்று, பர்ளு ஐன். ஊரில் யாராவது சிலர் செய்தால் மற்றவர் பொறுப்பு நீங்கிவிடுவது இன்னொன்று, பர்ளு கிஃபாயா. மருத்துவத்தையும் கணக்கையும் இந்த இரண்டாவதில் வைக்கிறார். வைத்துவிட்டு ஒரு குறையும் படுகிறார்: எத்தனையோ ஊர்களில் முஸ்லிம் வைத்தியர் ஒருவர்கூட இல்லை; ஆனாலும் எல்லோரும் சட்டம் படிக்கத்தான் முண்டியடிக்கிறார்கள், ஏனென்றால் பதவியும் வக்புப் பணமும் அங்கேதான் இருக்கின்றன என்று. தொள்ளாயிரம் வருடத்துக்கு முந்தைய புலம்பல். இன்றைக்கு மதரஸாவில் கணக்கு இல்லை, அறிவியல் இல்லை என்று தொலைக்காட்சியில் விவாதிப்பவர்கள் இதைப் படித்தால் வாயடைத்துப் போவார்கள். மார்க்கக் கல்வி, உலகக் கல்வி என்று நடுவில் சுவர் வைத்ததும் கஸ்ஸாலி அல்ல. அவர் பிரித்தது கடமையின் அளவை. கணக்குப் படிப்பதும் அவர் கணக்கில் கடமையேதான்.

இரண்டாவது நிஜாம், முல்லா நிஜாமுத்தீன். இந்தக் கதை கொலையில் தொடங்குகிறது. லக்னோ அருகே ஸிஹாலி என்ற ஊரில் முல்லா குத்புத்தீன் என்ற அறிஞரை நிலத் தகராறில் கொன்று வீட்டையும் கொளுத்திவிட்டார்கள். 1692 வாக்கில் நடந்தது. அநாதையாக நின்ற குடும்பத்துக்கு அவுரங்கசீப் லக்னோவில் ஒரு மாளிகையைக் கொடுத்தார். முன்னே ஒரு ஐரோப்பிய வியாபாரி இருந்த வீடு, ஆகவே பறங்கி மஹால். கொலையுண்டவரின் மகன் நிஜாமுத்தீன் அங்கிருந்து ஓதிக்கொடுத்த பாடத்திட்டம்தான் தர்ஸே நிஜாமி. அவர் இறந்தது 1748-இல். இரண்டரை நூற்றாண்டுக்கு மேலாக, காஷ்மீரிலிருந்து காயல்பட்டினம் வரைக்கும், பெயர் மாறியும் மாறாமலும் ஓடிக்கொண்டிருக்கிற பாடத்திட்டம் அது.

அந்தப் பழைய பட்டியலை நிதானமாகப் பார்க்க வேண்டும். இலக்கணம் நிறைய. தர்க்கம் அதைவிட நிறைய. தத்துவம். யூக்ளிட்டின் வடிவியல், நஸீருத்தீன் தூஸி திருத்திய அரபுப் பிரதியில். வானியலுக்கு ஜக்மீனியின் நூலும் உரையும். ஹதீஸுக்கோ மிஷ்காத் என்ற ஒற்றைத் தொகுப்பு, அதிலும் ஒரு பகுதி. மார்க்கப் பள்ளியின் பாடத்திட்டத்தில் நபிமொழியைவிடத் தர்க்கத்துக்கு இடம் அதிகம்! இதில் விந்தை ஒன்றுமில்லை. படித்து முடித்தவன் காஜியாகவோ முஃப்தியாகவோ திவான் கச்சேரியில் குமாஸ்தாவாகவோ போகப்போகிறவன். கிதாபில் இல்லாத வழக்கு வந்தால் யோசித்துத் தீர்ப்புச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். முல்லா நிஜாமுத்தீன் ஒவ்வொரு துறையிலும் இருப்பதிலேயே கடினமான நூலாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார் என்பார்கள். அதை உடைத்தவன் மற்றதைத் தானே படித்துக்கொள்வான் என்பது கணக்கு.

தமிழ் வாசகருக்கு இந்தக் கதையில் ஒரு வீட்டுத் தொடர்பு உண்டு. நிஜாமுத்தீனின் மகன் அப்துல் அலீ. ஷாஜஹான்பூர், ராம்பூர், வங்காளத்து புஹார் என்று ஊர் ஊராக ஓதிக்கொடுத்துவிட்டு, கடைசியில் ஆற்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜா அழைக்க, சென்னைக்கு வந்தார். நவாப் எதிர்கொண்டு போய் அவருடைய பல்லக்குக்குத் தன் தோளைக் கொடுத்தார் என்று செவிவழிச் செய்தி. 'பஹ்ருல் உலூம்', கல்விக்கடல், என்பது பட்டப்பெயர். 1810-இல் இறந்தார், திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசல் வளாகத்தில் அடக்கம். கிரிக்கெட் பார்க்கச் சேப்பாக்கம் போகிறவர்கள் எத்தனை பேர் அந்த வழியாக நடந்திருப்போம்! தர்ஸே நிஜாமியைத் தொகுத்தவரின் மகன் அங்கே படுத்திருக்கிறார் என்று எனக்கு முப்பது வயது வரை தெரியாது.

சரி, மூன்றாவது நிஜாமுக்கு, ஐதராபாத் அரசருக்கு, வருவோம். இதற்கு நான் வீட்டிலிருந்து அதிக தூரம் போக வேண்டியதில்லை. உப்பல் மெட்ரோவில் ஏறினால் ஸ்டேடியம், என்.ஜி.ஆர்.ஐ., ஹப்சிகுடா, நான்காவது தார்னாகா. இறங்கி ஆட்டோ பிடித்தால் உஸ்மானியா பல்கலைக்கழக வளாகம். (ஹப்சி என்றால் அபிசீனியர். நிஜாம் படையில் இருந்த ஆப்பிரிக்கர்களின் நினைவு ஒரு மெட்ரோ நிலையத்தின் பெயராக ஒட்டிக்கொண்டிருக்கிறது. அது வேறொரு தொடருக்கான கதை.)

ஆனால் உஸ்மானியாவுக்கு முன்னே பழைய நகரத்தில் ஒரு வாசலைத் தட்ட வேண்டும். நாந்தேடிலிருந்து வந்த அன்வாருல்லா ஃபாரூக்கி என்ற இளைஞர் வருவாய்த் துறையில் வேலை பார்த்தவர். வட்டிக் கணக்கு எழுதவேண்டி வந்தபோது வேலையை விட்டுவிட்டார் என்று அவர் வரலாற்றில் சொல்வார்கள். ஹிஜ்ரி 1292-இன் கடைசி மாதத்தில், அதாவது 1876 தொடக்கத்தில், ஜாமியா நிஜாமியாவைத் தொடங்கினார். பிற்பாடு ஆறாம் நிஜாமுக்கும் ஏழாம் நிஜாமுக்கும் அவரே ஆசிரியர். ஃபஜீலத் ஜங் என்று பட்டம். அரசனுக்கே ஓதிக்கொடுத்தவர் என்பதால் மதரஸாவுக்கு அரண்மனை ஆதரவும் பெயரும் சேர்ந்தன. 1918-இல் இறந்தார்.

காலத்தைக் கவனிக்க வேண்டும். தேவ்பந்து மதரஸா 1866. அலிகரில் சர் சையத் கல்லூரி தொடங்கியது 1875. நம் வேலூரில் அப்துல் வஹ்ஹாப் ஹஜ்ரத் வீட்டுத் திண்ணையில் தொடங்கியது பாக்கியாத்துஸ் ஸாலிஹாத்தாக வளர்ந்ததும் இதே தலைமுறையில். எல்லோரையும் ஒரே நேரத்தில் எழுப்பியது ஒரே சேதிதான்: பழைய படிப்புக்கு வேலை இல்லை. கம்பெனி ஆட்சி 1837-இல் பாரசீகத்தைக் கச்சேரியிலிருந்து இறக்கிவிட்டது. காஜி உத்தியோகம் போயிற்று. குமாஸ்தா உத்தியோகம் ஆங்கிலம் படித்தவனுக்குப் போயிற்று. பதவி போன பிறகு தர்க்கமும் யூக்ளிட்டும் யாருக்கு? மதரஸா மெல்ல மெல்லக் கணக்கைக் கீழே இறக்கி வைத்துவிட்டு ஹதீஸை மேலே ஏற்றிக்கொண்டது. தேவ்பந்தில் ஆறு ஹதீஸ் தொகுப்புகளும் முழுக்கப் பாடமாயின. மார்க்கத்தைக் காப்பாற்றும் பள்ளி என்று மதரஸா தன்னையே புதிதாக விளங்கிக்கொண்டது அப்போதுதான். எதிர்ப்பக்கம் அலிகர் உலகத்தைப் பிடித்துக்கொண்டது. நாம் ஆதிகாலத்துச் சுவர் என்று நினைத்துக்கொண்டிருப்பது என் தாத்தாவின் தாத்தா காலத்தில் எழுப்பியது.

ஐதராபாத்தில் மட்டும் இந்தச் சுவர் கொஞ்சம் தாமதமாக வந்தது. காரணம், இங்கே அரசு மிச்சமிருந்தது. அரசு இருந்ததால் உத்தியோகமும் இருந்தது. 1880களில் பாரசீகத்துக்குப் பதிலாக உருது அரசு மொழியானது. அந்த உருதிலேயே ஒரு பல்கலைக்கழகம் நடத்தினால் என்ன? இந்தக் கேள்வியை மனுவாக எழுதி நிஜாமிடம் வைத்தவர் அக்பர் ஹைதரி. 1917 ஏப்ரலில் ஏழாம் நிஜாம் மீர் உஸ்மான் அலி கானின் ஆணை, ஃபர்மான், வந்தது. 1919-இல் வகுப்பு தொடங்கியபோது 225 மாணவர், 25 ஆசிரியர். ஆங்கிலம் கட்டாய மொழிப்பாடம், மற்றதெல்லாம் உருதில். வரலாறு, பொருளியல், இயற்பியல், பொறியியல், மருத்துவம் வரைக்கும் உருதில்.

கல்வித் துறையின் தலைமையில் அப்போது இருந்தவர் ராஸ் மசூத், சர் சையதின் பேரன். 1922-இல் ஜப்பானுக்கே போய் அவர்கள் எப்படித் தம் மொழியில் அறிவியல் படிக்கிறார்கள் என்று பார்த்து வந்து நூல் எழுதினார்.

புத்தகம் இல்லாமல் எப்படிப் பாடம் நடத்துவது? வகுப்பு தொடங்கும் முன்பே, 1917 ஆகஸ்டில், தாருத் தர்ஜுமா என்ற மொழிபெயர்ப்பு நிலையம் திறந்துவிட்டார்கள். தலைவர் மௌலவி அப்துல் ஹக். அங்கே சம்பளம் வாங்கியவர்களின் பட்டியல் ஒரு உருது இலக்கிய மாநாடு மாதிரி இருக்கும். 'உம்ராவ் ஜான் அதா' நாவல் எழுதிய மிர்ஸா ஹாதி ருஸ்வா அங்கே மொழிபெயர்ப்பாளர். பிற்காலத்தில் புரட்சிக் கவி என்று பெயரெடுத்த ஜோஷ் மலீஹாபாதி அங்கே. குர்ஆன் விரிவுரை எழுதிய அப்துல் மாஜித் தர்யாபாதியும் அங்கே. கலைச்சொல் எப்படி ஆக்குவது என்பதற்கே வஹீதுத்தீன் ஸலீம் 1921-இல் ஒரு புத்தகம் எழுதினார். மூடும்வரை கிட்டத்தட்ட நானூறு நூல்கள் அங்கே உருதுக்கு வந்தன.

ஒரு பிரதி தயாரானதும் இரண்டு பேர் பார்வையிடுவார்கள். மொழி சரியா என்று ஒருவர் பார்ப்பார். மார்க்கத்துக்கு உறுத்தலாக ஏதும் உண்டா என்று இன்னொருவர். ஐரோப்பிய வரலாறும் தத்துவமும் இந்த இரண்டு கண்ணாடிக்கும் அடியில் கடந்து போயாக வேண்டும். எரிச்சலூட்டும் ஏற்பாடுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த இரண்டாவது ஆள் உட்கார்ந்து ஐரோப்பியத் தத்துவத்தை வரிக்கு வரி படிக்க வேண்டியிருந்தது என்பதும் உண்டே. வேறெந்த ஊரில் ஒரு மௌலவிக்கு அந்த வேலைக்குச் சம்பளம் கொடுத்தார்கள்?

நாமும் அதே நேரத்தில் அதே பாட்டைத்தான் பட்டுக்கொண்டிருந்தோம். சேலத்தில் 1916-இல் ராஜாஜியும் வெங்கடசுப்பையரும் தமிழில் அறிவியல் சொல் ஆக்குவதற்கென்றே ஒரு சங்கம் கூட்டி இதழ் நடத்தினார்கள். அவர்களிடம் சொல் இருந்தது, கஜானா இல்லை. ஐதராபாத்தில் கஜானாவும் இருந்தது.

ஆனால் இங்கே ஒன்றைச் சொல்லாமல் போனால் நேர்மையல்ல. தாய்மொழிக் கல்வி என்று உஸ்மானியாவைக் கொண்டாடுகிறவர்கள் யாருடைய தாய்மொழி என்று கேட்பதில்லை. நிஜாம் நாட்டில் தெலுங்கரே அதிகம். அடுத்து மராத்தியர், கன்னடர். உருதை வீட்டில் பேசியவர்கள் சிறுபான்மையோர். வாரங்கலிலிருந்து வந்த தெலுங்குப் பையனுக்கு ஆங்கிலம் எவ்வளவு அந்நியமோ, அரபு வேரில் பூத்த உருதுக் கலைச்சொல்லும் அவ்வளவு அந்நியம். 1938-இல் விடுதியில் வந்தே மாதரம் பாடியதற்காக மாணவர்களை நீக்கினார்கள். அவர்களில் பலர் நாகபுரிப் பல்கலைக்கழகத்துக்குப் போய்ப் படிப்பை முடித்தார்கள். பி.வி. நரசிம்ம ராவ் அப்படிப் போனவர்களில் ஒருவர்.

மார்க்கத்தின் கதி உஸ்மானியாவில் என்ன ஆயிற்று? அதற்கு ஒரு துறை கிடைத்தது: தீனியாத். முஸ்லிம் மாணவருக்குத் தீனியாத் வகுப்பு, மற்றவருக்கு அக்லாகியாத், அதாவது ஒழுக்கநெறி. மனாஸிர் அஹ்ஸன் கீலானி போன்ற பெரிய ஆலிம்கள் அங்கே பேராசிரியர்கள். இந்தியாவில் முஸ்லிம் கல்வி வளர்ந்த வரலாற்றை விரிவாக எழுதியவர் அவர். கௌரவத்துக்குக் குறைவில்லை. ஆனாலும் பாருங்கள், ஒரே பாயில் உட்கார்ந்து இலக்கணமும் யூக்ளிட்டும் ஹதீஸும் ஒரே ஆசிரியரிடம் ஓதியவனுக்கு 'மார்க்கம்' என்று தனியாக ஒரு மணி அடித்ததில்லை. இப்போது அடித்தது. நாற்பத்தைந்து நிமிடத்துக்கு ஒரு தடவை அடிக்கிற மணியில் ஒன்று அதற்கு. சுவரை வேண்டாம் என்று எழுந்த பல்கலைக்கழகத்துக்குள்ளேயே சுவர் கால அட்டவணையாக வந்து உட்கார்ந்துகொண்டது. யாரையும் குற்றம் சொல்லி இதை எழுதவில்லை. பல்கலைக்கழகம் என்று வந்தால் துறை வரும். துறை வந்தால் எல்லை வரும்.

1939 டிசம்பரில் திறந்த கலைக் கல்லூரிக் கட்டடத்தின் முன் நின்று பார்த்தால், அதைக் கட்டியவர்களுக்கு ஒட்டுப்போடும் ஆசை எவ்வளவு இருந்தது என்று தெரியும். வடிவமைத்தவர் எர்னஸ்ட் ஜாஸ்பர் என்ற பெல்ஜியக்காரர். மேலே வளைவுகள் கெய்ரோவையும் கார்டோபாவையும் நினைவூட்டும். தூண்கள் அஜந்தாவையும் எல்லோராவையும். இளஞ்சிவப்புக் கருங்கல். சாயங்கால வெயிலில் அது நிறம் மாறுவதைப் பார்க்க நானே பலமுறை போய் உட்கார்ந்திருக்கிறேன்.

அதே வளாகத்தில், வருகிறவர் கண்ணில் அவ்வளவாகப் படாத இன்னொரு இடம் இருக்கிறது. என்னைக் கேட்டால் இந்த அத்தியாயத்தின் நாயகன் அதுதான். தாயிரத்துல் மஆரிஃபில் உஸ்மானிய்யா. 1888-இல் தொடங்கியவர்கள் மூவர்: இமாதுல் முல்க் சையத் ஹுஸைன் பில்கிராமி, முல்லா அப்துல் கையூம், ஜாமியா நிஜாமியாவின் அதே அன்வாருல்லா ஃபாரூக்கி. ஆங்கிலம் கரைகண்ட அதிகாரியும் மதரஸா ஹஜ்ரத்தும் ஒரே மேஜையில். வேலை இதுதான்: உலகத்தின் மூலைமுடுக்குகளில் கிடக்கும் அரபுச் சுவடிகளைத் தேடி, ஒப்பிட்டு, பிழை களைந்து அச்சிடுவது.

அச்சிட்டதைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். அலீ முத்தகியின் பிரம்மாண்டமான ஹதீஸ் தொகுப்பு கன்ஸுல் உம்மால். பைஹகியின் பத்து பாக ஹதீஸ் தொகுப்பு. ஹதீஸ் அறிவிப்பாளர் ஆயிரக்கணக்கானோரின் நம்பகத்தைத் துருவித் துருவிப் பார்க்கும் இப்னு ஹஜரின் தஹ்தீபுத் தஹ்தீப். கெய்ரோவிலும் டமாஸ்கஸிலும் அறிஞர்கள் மேஜையில் 'ஹைதராபாத் பதிப்பு' என்று பேர்வாங்கின புத்தகங்கள் இவை. மார்க்கத்தோடு நிற்கவில்லை. ஒளியியலில் இப்னுல் ஹைதமுக்கு கமாலுத்தீன் ஃபாரிஸி எழுதிய விளக்கம். எடை, அடர்த்தி பற்றிய காஸினியின் தராசு நூல். நட்சத்திரங்களைப் படத்தோடு சொல்லும் அல்-ஸூஃபி, 1954-இல். அல்-பிரூனியின் வானியல் களஞ்சியம் அல்-கானூனுல் மஸ்ஊதி, 1954 முதல் 1956 வரை. ராஸியின் மருத்துவப் பெருநூல் அல்-ஹாவி, 1955 தொடங்கி இருபதுக்கு மேற்பட்ட பாகம்.

தேதிகளைக் கவனித்தீர்களா? நிஜாம் ஆட்சி 1948 செப்டம்பரில், ஐந்தே நாள் போலீஸ் நடவடிக்கையில் முடிந்தது. அடுத்த கல்வியாண்டுக்குள் உஸ்மானியாவின் பாடமொழி உருதிலிருந்து ஆங்கிலத்துக்கு மாறியது. தாருத் தர்ஜுமாவின் காலம் முடிந்தது. ஆனால் தாயிரா நிற்கவில்லை. இந்தியாவைப் பற்றி அல்-பிரூனி எழுதிய நூலின் அரபு மூலம் 1958-இல் வெளிவந்தது இங்கிருந்துதான், சுதந்திர இந்தியாவில், குடியரசின் காலத்தில்.

சுவடி ஒப்பிடும் வேலை எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். அதற்கு முகாபலா என்று பெயர். ஒருவர் கையில் அடிப்படைப் பிரதி, எதிரே இருப்பவர் கையில் வேறொரு ஊர்ப் பிரதி. முதலாமவர் உரக்க வாசிப்பார். மற்றவர் விரலை ஓட்டிக்கொண்டே வருவார். சொல் மாறினால் நிறுத்த வேண்டும். அரபு எழுத்தில் ஒரு புள்ளி இடம் மாறினால் 'ப' 'ந' ஆகும், ஒரு புள்ளி கூடினால் 'ந' 'த' ஆகும். பழைய எழுத்தர் பலர் புள்ளியே வைக்கமாட்டார்கள். ஆக, இலக்கணம் தெரிந்தால் மட்டும் போதாது. இந்த இடத்தில் ஆசிரியர் எதைச் சொல்லியிருப்பார் என்று தெரிய வேண்டும், இதைப் பிரதியெடுத்தவர் யாரிடம் கேட்டவர் என்றும் தெரிய வேண்டும்.

பழைய சுவடிகளின் ஓரத்தில் அங்கங்கே ஒரு சின்னக் குறிப்பு இருக்கும்: 'பலக'. எட்டியது என்று அர்த்தம். ஆசிரியர் முன்னால் இதுவரை வாசித்துச் சரிபார்த்தாயிற்று. மறுநாள் இங்கிருந்து தொடங்க வேண்டும். கடைசிப் பக்கத்தில் அன்று அந்தச் சபையில் உட்கார்ந்து கேட்டவர்களின் பெயர்ப் பட்டியல் இருக்கும். பெண்கள் பெயரும் இருக்கும், ஐந்து வயதுக் குழந்தையின் பெயர்கூட இருக்கும். தூங்கிப்போனவர், பாதியில் எழுந்து போனவர் பற்றிக்கூடக் குறிப்பு உண்டு! இந்தப் பட்டியலில் பெயர் இருந்தால்தான் அந்த நூலை அடுத்தவருக்கு ஓதிக்கொடுக்கும் அனுமதி, இஜாஸா. அனுமதி கொடுப்பது நிறுவனமல்ல; ஆசிரியர், தன் பெயரில். அவருக்கு அவருடைய ஆசிரியர். அப்படியே பின்னால் போகும் கண்ணிதான் ஸனது.

பாக்தாதில் கட்டடம் வந்தும் இது மாறவில்லை. லக்னோவில் பாடத்திட்டம் வந்தும் மாறவில்லை. நம் ஊர் ஆலிம்கள் பெயரைப் பாருங்கள். வேலூரில் ஓதியவர் பாகவி. உமராபாத்தில் ஓதியவர் உமரி. லால்பேட்டையில் ஓதியவர் மன்பஈ. தேவ்பந்து என்றால் காஸிமி, நத்வாவென்றால் நத்வி, ஐதராபாத்தில் ஜாமியா நிஜாமியா என்றால் நிஜாமி. கல்யாணப் பத்திரிகையில் பேருக்குப் பின்னால் போடும் பி.ஏ., பி.எல். மாதிரி இது இல்லை. அதில் என்ன படித்தார் என்று தெரியும். இதில் எந்த மதரஸாவின் ஆசிரியர்களிடம் ஓதினார் என்று தெரியும்.

இந்த ஊர் வளர்த்த ஸனதுக் கண்ணிகளில் எனக்கு மிகவும் பிடித்தவர் முஹம்மத் ஹமீதுல்லா. 1908-இல் இங்கே பிறந்தவர். ஜாமியா நிஜாமியாவிலும் ஓதினார், உஸ்மானியாவிலும் படித்தார். 1930களில் ஜெர்மனியில் பான், பிரான்சில் பாரிஸ் என்று இரண்டு இடத்திலும் முனைவர் பட்டம் வாங்கிவந்து உஸ்மானியாவில் சட்டம் கற்பித்தார். சுவரின் இரண்டு பக்கமும் சுலபமாக ஏறி இறங்கியவர். 1948-இல் ஐதராபாத் விவகாரத்தை ஐ.நா.வில் பேசப்போன குழுவோடு வெளிநாடு போனார். அதற்குள் இங்கே அரசு விழுந்துவிட்டது. பாரிஸிலேயே தங்கிவிட்டார். எந்த நாட்டுக் குடியுரிமையும் வாங்காமல், அகதிக்கான பயணப் பத்திரத்தோடு அரை நூற்றாண்டு. 1959-இல் குர்ஆனை பிரெஞ்சில் மொழிபெயர்த்து வெளியிட்டார். 2002-இல் அமெரிக்காவில் இறந்தார்.

அவர் கண்டெடுத்துப் பதிப்பித்த ஒரு சின்னச் சுவடி உண்டு. நபித்தோழர் அபூ ஹுரைரா தன் மாணவர் ஹம்மாம் இப்னு முனப்பிஹுக்குச் சொல்லிக்கொடுத்த 138 ஹதீஸ். நூறு பக்கத்துக்கும் வராத ஏடு. ஒரு பிரதி பெர்லினில், இன்னொன்று டமாஸ்கஸில். இரண்டையும் ஒப்பிட்டு, பின்னால் வந்த பெருந்தொகுப்புகளில் இருப்பதோடும் வைத்துப் பார்த்து, ஆசிரியர் வாயிலிருந்து மாணவர் கைக்கு வந்தது எவ்வளவு மாறாமல் வந்திருக்கிறது என்று காட்டினார். ஐரோப்பியப் பல்கலைக்கழகத்துச் சுவடியியல்தான். ஆனால் அவர் தேடியது பழைய மதரஸாக் கேள்வி: யார் யாரிடம் கேட்டார்?

1948-க்குப் பின்னால் ஐதராபாத்தில் நடந்ததை அடுத்த இதழில் விரிவாகப் பார்க்கலாம்: உருதுக்கென்று 1998-இல் வந்த மௌலானா ஆசாத் பல்கலைக்கழகம், முகல்புராவில் பெண்களுக்கென்று தொடங்கிய மதரஸா, தெலங்கானா அரசு திறந்த 204 சிறுபான்மையினர் உறைவிடப் பள்ளிகள். இப்போதைக்கு ஒரு எண் மட்டும். 2006-இல் சச்சார் குழு கணக்கெடுத்தபோது, பள்ளி வயது முஸ்லிம் பிள்ளைகளில் மதரஸாவில் படிப்பவர்கள் நூற்றுக்கு மூன்று நான்கு பேர்தான் என்று தெரியவந்தது. மற்றவர்கள் நம் எல்லோர் வீட்டுப் பிள்ளைகளையும் போல் சாதாரணப் பள்ளிக்கூடம் போகிறவர்கள். அவர்களில் பலர் சாயங்காலம் ஒரு மணி நேரம் மக்தபில் போய் உட்காருகிறார்கள். எங்கள் மேல்வீட்டுப் பையனைப் போல.

அவன் காயிதாவை முடித்துவிட்டான். போன வாரம் படிக்கட்டில் பிடித்து நிறுத்தி, புரட்டிக் காட்டச் சொன்னேன். கடைசிக்கு முந்தைய பக்கம் வரைக்கும் கோடும் தேதியும் இருந்தன. கடைசிப் பக்கத்தில் மட்டும் இல்லை.

"இது ஏன்டா விட்டுப்போச்சு?"

"ஹஜ்ரத் ஊருக்குப் போயிருக்கார் அங்கிள். வேற ஒருத்தர் வர்றார். அவர்ட்ட நான் ஓதலை."

"ஒருதரம் ஓது, பார்ப்போம்."

மூச்சு விடாமல் ஓதினான். எனக்குத் தெரிந்த அளவில் ஒரு பிழை இல்லை. சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து நீட்டினேன். "அதான் மனப்பாடமா இருக்கே. நீயே தேதி போட்டுக்கயேன்."

என்னை ஒரு பார்வை பார்த்தான். புத்தகத்தை மூடி உறைக்குள் போட்டுக்கொண்டான்.

"அவர் கேக்கணும்ல அங்கிள்."

(தொடரும்)